முடிந்தது என்றால் போதுமா?

நம் சங்கக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தம்பானூரில் பஸ் ஏறி, கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை.

கம்ப்யூட்டர் கம்பெனிகளில் பழுதுகளைப் பதிய ஒரு பதிவேடு உண்டு. 1998இல் வெளிவந்த பக்ஸில்லா அத்தகையது. கம்பெனியின் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஐ.எஸ்.ஓ. 27001 தணிக்கைக்குச் சான்று திரட்டவும் இன்று தனி மென்பொருள்கள் உள்ளன. இரண்டையும் இணைத்துவிட்டால், எந்தப் பழுது எப்போது தீர்ந்தது என்பதை அவை தாமே படித்துக்கொள்ளும்.

இணைப்பது நல்லதே. தணிக்கைக்கு முன் இரவெல்லாம் கண் விழித்துக் காகிதம் சேர்க்கும் பாடு ஒழியும். ஆனால் மென்பொருள் காண்பது 'முடிந்தது' என்ற சொல்லை, வேலையை அல்ல.

ரயில்வேயில் சிக்னல் கருவியைக் கழற்றுமுன் ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மீண்டும் பொருத்தியபின் சோதித்துப் பார்த்தே ஒப்படைக்க வேண்டும். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில் 290 பேருக்கு மேல் மாண்டனர். சிக்னல் மின்சுற்றை மாற்றிய வேலையிலும், லெவல் கிராசிங் கேட் வேலையிலும் நேர்ந்த குறைகளே காரணம் என்றது விசாரணை.

ஆகவே, இணைக்கும் மென்பொருளுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். பழுதைச் சரிசெய்தவரே 'முடிந்தது' என்று எழுதக் கூடாது. வேறொருவர் சோதித்து எழுதட்டும். மாதம் ஒருமுறை, முடிந்தவற்றில் சிலவற்றை எடுத்து நேரில் பாருங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை வீடு திரும்பியதும் கேளுங்கள்: "நீ முடித்ததை யார் சோதித்தார்?"