முதலில் பார்த்திபன்

கல்கியின் பல்லவர் கதைகளை எழுதிய வரிசையில்தான் படிக்க வேண்டும். கதை நடக்கும் வரிசையில் படித்தால் பாதி சுவை போய்விடும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

பொன்னியின் செல்வன் படம் வந்ததிலிருந்து எங்கள் பள்ளிப்பட்டுப் பிள்ளைகளும் கல்கியைத் தேடுகிறார்கள். என் அண்ணன் மகள் புத்தகக் கண்காட்சியில் செட்டாக வாங்கி வந்து, "எதை மொதல்ல படிக்கட்டும் அத்தை?" என்று கேட்டாள். கால வரிசைப்படி 'சிவகாமியின் சபதம்' மேலே இருந்தது. அதற்கு அடியிலிருந்து 'பார்த்திபன் கனவை' உருவி அவள் கையில் கொடுத்தேன்.

இந்த ஆந்திர எல்லைப்புறத்தில் ஒரு காலத்தில் பாட்டிமார் தெலுங்கில் சந்தமாமா படித்தார்கள், பேரப்பிள்ளைகள் தமிழில் அம்புலிமாமா படித்தார்கள். அதில் வந்த வேதாளக் கதைக்கு வரிசை வேண்டியதில்லை. எந்த மாதத்து இதழை எடுத்தாலும் கடைசியில் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். கல்கியின் கதைகள் அப்படியல்ல.

'பார்த்திபன் கனவு' 1941 முதல் 1943 வரை தொடராக வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையின் கதையான 'சிவகாமியின் சபதம்' 1944 ஜனவரியில்தான் தொடங்கி 1946இல் முடிந்தது. பார்த்திபன் போர்க்களத்தில் விழுந்து கிடக்கும்போது ஒரு சிவனடியார் வந்து வாக்குக் கொடுக்கிறாரே, அவர் யார் என்ற கேள்விதான் அந்த நாவலையே தூக்கிச் செல்கிறது. சபதத்தை முடித்துவிட்டு வருகிறவர் அதைச் சட்டென்று ஊகித்துவிடுவார். 'பார்த்திபன் கனவில்' வரும் ஒற்றைக் கைக் காபாலிகர் விஷயமும் அப்படித்தான். அந்தக் கை எப்படிப் போனது என்பதற்குச் சபதத்தின் கடைசிப் பாகத்தில் விடை இருக்கிறது. கேள்வி எழுவதற்கு முன்பே விடையை வாங்கிக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் மர்மம் கெடும் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. 'பார்த்திபன் கனவில்' நரசிம்மவர்மர் வாதாபியை வென்ற பேரரசர், குந்தவியின் அப்பா. அவரை அப்படிப் பார்த்துப் பழகிவிட்டுச் சபதத்தைத் திறந்தால், தாமரைக் குளக்கரையில் சிவகாமியோடு ஓர் இளவரசன் உட்கார்ந்திருக்கிறான். குந்தவியின் தாய் சிவகாமி அல்ல என்று நமக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. அவள் கோபித்துக்கொள்வதும் அவன் சமாதானப்படுத்துவதும் மற்றவர்களுக்கு வெறும் காதல் காட்சி. நமக்கோ அங்கேயே நெஞ்சு அடைக்கிறது. நான்காம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் 'சிதைந்த கனவு'. பார்த்திபனை முதலில் படித்தவருக்கு அந்தச் சிதைவு முதல் பாகத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இங்கிலாந்தில் சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளுக்கும் இதே வழக்கு உண்டு. 1955இல் ஆறாவதாக வந்த புத்தகத்தில் அந்த உலகம் பிறந்த கதை இருப்பதால், பின்னாளில் பதிப்பாளர்கள் அதற்கு முதல் எண் கொடுத்துவிட்டார்கள். காட்டு நடுவில் விளக்குக் கம்பம் எப்படி வந்தது என்று குழந்தை வியப்பதற்குள் காரணத்தைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

பொன்னியின் செல்வனை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். இடையில் ஏறக்குறைய முந்நூறு ஆண்டு இடைவெளி. அதற்குள் பல்லவர் ஆட்சியே போய்விட்டது. அந்த இடைவெளியைக் கல்கி நாவலாக எழுதவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அது கல்லில் நிற்கிறது. திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில், கடைசிப் பல்லவனான அபராஜிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் கட்டியது. மலைக்கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. அந்த அபராஜிதன் சோழரோடு சேர்ந்து பாண்டியனை எதிர்த்து நின்ற திருப்புறம்பயம் போரைப் பொன்னியின் செல்வனில் கல்கி நினைவுகூர்கிறார். சதிகாரர்கள் நள்ளிரவில் கூடும் பள்ளிப்படையும் அங்கேதான். சபதத்தை முடித்ததும் அண்ணன் மகளைத் திருத்தணிக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போகப் போகிறேன். பொன்னியின் செல்வனை அதற்குப் பிறகு அவள் தொடங்கினால் போதும்.