சிரிக்காத ஒரு தாய்மாமன்



போன வருஷம் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் மகள் வீட்டில் இருந்தபோது, என் பேத்தி பெயருக்கு மாதம் தவறாமல் தபாலில் ஒரு கதைப் புத்தகம் வந்தது. காசு கிடையாது. "யாருடி அனுப்புறா?" என்று கேட்டேன். "டாலி பார்ட்டன்னு ஒரு பாட்டுக்காரம்மா" என்றாள் மகள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்ற வருத்தத்தில், 1995இல் தன் சொந்த ஊர்ப் பக்கத்துக் குழந்தைகளுக்காக அந்த அம்மா தொடங்கிய வேலையாம். இப்போது பல நாடுகளுக்குப் பரவி, 20 கோடிக்கும் மேல் புத்தகங்கள் போயிருக்கின்றன.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? அவர் எப்படி வளர்ந்தார் என்று தேடிப் படித்தேன். அதில் ஒரு இடம் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

டாலி பிறந்தது 1946இல், ஸ்மோக்கி மலைப்பகுதியில். 12 பிள்ளைகளில் நாலாவது. ஒற்றை அறை மர வீடு. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல் அப்பா ஒரு மூட்டை சோளமாவு கொடுத்தாராம். அம்மா கந்தல் துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு கோட் தைத்துக் கொடுக்க, அதைப் பெருமையாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரித்தது. அதையே பிற்காலத்தில் பாட்டாக எழுதினார். 1971இல் வந்த அந்தப் பாட்டு இன்றும் அவருடைய பெயர் சொல்கிறது.

இரண்டாவது சிரிப்பு 1964இல். பள்ளி இறுதி முடித்த பிள்ளைகளுக்கு விழா. ஒவ்வொருவராக எழுந்து, இனி என்ன செய்யப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். டாலி எழுந்து, "நாஷ்வில் போய்ப் பெரிய பாடகி ஆகப் போகிறேன்" என்றார். கன்ட்ரி பாட்டுக்காரர்களுக்கு நாஷ்வில் என்றால், சினிமாக்காரர்களுக்குக் கோடம்பாக்கம் மாதிரி. மண்டபமே சிரித்தது. மறுநாளே அந்தப் பெண் பஸ் ஏறிவிட்டார். துவைக்காத துணிகளையும் பெட்டியில் திணித்துக்கொண்டு போய், முதல் நாளே அங்கே ஒரு சலவைக் கடையைத் தேடிப் போனார்.

இதை "துணிச்சல் இருந்தால் ஜெயிக்கலாம்" என்று முடித்துவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. அவருக்குப் பின்னால் ஒரு தாய்மாமன் இருந்தார். பெயர் பில் ஓவன்ஸ். அக்கா மகள் பாடுவதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வயதிலேயே நாக்ஸ்வில் நகர ரேடியோ, டி.வி. நிகழ்ச்சியில் பாட வைத்தார். கூட உட்கார்ந்து பாட்டு எழுதினார். 1959இல், 13 வயதில், பாட்டியோடு பஸ்ஸில் லூசியானா வரை போய் முதல் இசைத்தட்டு பதிவு செய்தாள் அந்தப் பெண். அதே வருஷம் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் பாட நேரம் கேட்டபோது, ஜிம்மி நியூமன் என்ற பாடகர் தன் முறையை விட்டுக் கொடுத்தார். பெரியவர்கள் ஒதுங்கி இடம் கொடுத்தால்தானே பிள்ளைகள் மேடை ஏற முடியும்?

உடனே வெற்றி கிடைத்துவிடவும் இல்லை. அந்த முதல் தட்டு விற்கவில்லை. 1962இல் வந்த இன்னொன்றும் அப்படியே. 1965இல் ஒப்பந்தம் செய்த நிறுவனம், "உன் குரல் கன்ட்ரிக்குச் சரிவராது" என்று வேறு வகைப் பாட்டுகளைப் பாட வைத்தது. மாமனும் மருமகளும் சேர்ந்து எழுதிய பாட்டு ஒன்று 1966இல் வேறொருவர் குரலில் பிரபலமான பிறகுதான் வழிவிட்டார்கள். 1967இல் போர்ட்டர் வேகனர் நடத்திய டி.வி. நிகழ்ச்சியில் சேர்ந்தபோதுகூட, முன்பு இருந்த பாடகி எங்கே என்று கூட்டம் சத்தம் போட்டது.

நம் உறவுகளில் சிலர் இப்போதே சொல்வீர்கள்: "டீச்சர், லட்சத்தில் ஒருத்தி ஜெயிப்பாள். மீதிப் பேர் கதி?" நியாயமான கேள்வி. எல்லாப் பிள்ளைகளும் பஸ் ஏறட்டும் என்று நான் சொல்லவில்லை. டாலியும் படிப்பை முடித்த பிறகுதான் கிளம்பினார். அவர் குடும்பத்தில் பள்ளி இறுதி முடித்த முதல் ஆள் அவர்தான். நான் சொல்வது வேறு. ஜெயிக்குமா தோற்குமா என்று நமக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தைப் பார்த்துச் சிரிக்க நாம் யார்?

மனசில் தைத்த முள் என்றேனே, அது இதுதான். பல வருஷத்துக்கு முன்னால், ஐந்தாம் வகுப்பில், "பெரியவனாகி என்ன ஆகப் போறீங்க?" என்று கேட்டேன். டாக்டர், போலீஸ், கலெக்டர் என்று வந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சு பையன் ஒருவன் எழுந்து, "பாட்டுக் கட்டுவேன் டீச்சர்" என்றான். முதலில் சிரித்தது நான்தான். அப்புறம்தான் வகுப்பு சிரித்தது. நான் சிரிக்காமல் இருந்திருந்தால் பிள்ளைகளும் சிரித்திருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாணவர் மன்றத்தில் தவறாமல் பாடும் பிள்ளை அதற்குப் பிறகு பாடவே இல்லை. பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்துக் கேட்டேன். "அதெல்லாம் அப்பவே விட்டாச்சு டீச்சர்" என்று சிரித்தான். அவன் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஆகவே, அப்பா அம்மா ஆகிவிட்ட என் மாணவர்களே, மாமா அத்தைகளே, ஒரு வேண்டுகோள். வீட்டுப் பிள்ளை எதையாவது ஆகப் போகிறேன் என்றால், "எங்கே, செஞ்சு காட்டு" என்று உட்கார்ந்து கேளுங்கள். பிடித்திருந்தால் நாலு இடத்துக்குக் கூட்டிப் போங்கள். படிப்பையும் முடிக்கச் சொல்லுங்கள். வராவிட்டால் பிள்ளைக்கே தெரிந்துவிடும். அதை நம் சிரிப்பு முடிவு செய்ய வேண்டாம்.

கடைசி பெஞ்சு தம்பி, நீ இந்தப் பக்கம் வந்து படிப்பாய் என்று எனக்குத் தெரியும். என்னை மன்னித்துவிடு அப்பா. நேரம் கிடைத்தால் நீ கட்டிய பாட்டு ஒன்றை வாட்ஸ்அப்பில் பாடி அனுப்பு. டீச்சர் கேட்கிறேன்.