பிறந்த நாள் குருதியும் பிள்ளைகளின் உயிரும்

தலைவர்தம் பிறந்த நாளில் ஊர்தோறும் குருதிக்கொடை முகாம் நடத்துகிறீர்கள். வரிசையில் நின்று கை நீட்டுகிறீர்கள். போற்றத்தக்க பணி, மறுப்பாரில்லை. ஆயின், அந்த ஒரு நாளோடு கடமை முடிந்ததா? இக்கேள்வியை எழுப்புவோர் நம்மை எதிர்ப்போர் அல்லர். மருத்துவமனையின் தனியறையில் கிடக்கும் பச்சிளம் பிள்ளைகள்!

நிணநீர்ப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் முதற்கட்ட மருந்திலேயே தேறிவிடுகின்றனர். சிலரிடமோ, ஓடிய நோய் திரும்பி வருகிறது. மருந்துக்கு அடங்க மறுக்கிறது. தலையெழுத்து என்று கைவிடுவதா? விஞ்ஞானம் அப்படிக் கைவிடவில்லை.

நோயை வேரறுக்கும் அளவுக்கு மருந்தைக் கூட்டினால், குருதி ஊறும் எலும்பு மஜ்ஜையும் உடன் அழியும். எனவே பிள்ளையின் குருதியிலிருந்தே குருத்தணுக்களை, ஸ்டெம் செல் என்கிறார்களே அவற்றை, முன்கூட்டியே பிரித்தெடுத்து உறைய வைக்கின்றனர். கடும் மருந்தைச் செலுத்தியபின், அவற்றை நரம்பு வழியே திருப்பி ஏற்றுகின்றனர். கத்தி இல்லை, தையல் இல்லை. அணுக்கள் தாமே மஜ்ஜைக்கு வழி தேடிச் சென்று புதுக் குருதி படைக்கின்றன! அதுவும் போதாத பிள்ளைக்குப் பிறர் குருத்தணு தேவை. உடன்பிறந்தார் ஒருவரின் திசு வகை முழுதும் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்றே.

மஜ்ஜை மாற்று முயற்சியை 1957இல் உலகுக்கு அறிவித்த டாக்டர் டொனால் தாமஸ், 1990இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1983இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையும், 1986இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இம்மருத்துவத்தைத் தொடங்கின. வழி தெரியாத காலம் போயிற்று. வழியில் துணை நிற்பார் யார் என்பதே இன்றைய வினா.

ஏற்றிய அணுக்கள் வேரூன்ற இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை பிள்ளையின் உடலில் குருதி ஊற்று வறண்டு கிடக்கும். குருதி உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தால், காயமின்றியே குருதி கசியும். அவற்றைப் பிறர்தாம் தரவேண்டும். தோழர்களே, கருதிப் பாருங்கள்! தட்டணுக்களைச் சேமித்து வைக்கக்கூடிய காலம் பொதுவாக 5 நாட்களே! பிறந்த நாளன்று நூறு பேர் கொடுத்தாலும், ஆறாம் நாள் வாடும் பிள்ளைக்கு அதில் தட்டணு இல்லை. ஒரு நாள் வெள்ளம் வேண்டாம். ஆண்டெல்லாம் வற்றாத ஊற்று வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு கிளையும் தன் தோழர்களின் பெயரையும் குருதி வகையையும் ஏட்டில் எழுதட்டும்; வாரம் இன்னார் என முறை வகுத்து, குருதி வங்கியாரைக் கேட்டுக் கொடுக்கட்டும். 18 வயது நிறைந்த இளைஞர்கள் குருத்தணுக் கொடையாளர் பதிவேட்டில் சேரட்டும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுப்பதே தொடக்கம். திசு வகை மரபுவழி வருவது. தமிழ்ப் பிள்ளைக்குப் பொருந்துபவர் நம்மிடையே கிடைக்கும் வாய்ப்பே மிகுதி. ஆனால் ஒன்று: ஆர்வத்தில் பெயர் கொடுத்துவிட்டு, அழைப்பு வரும்போது பின்வாங்காதீர். மஜ்ஜையை அழிக்கும் மருந்து ஏறியபின் கொடையாளர் மறுத்தால், அப்பிள்ளை நடு ஆற்றில் விடப்பட்டதாகும். தயக்கம் இருப்பின் முதல் நாளே சொல்லிவிடுவது அறம்.

அரசின் கடமையும் உண்டு. இம்மருத்துவம் பல இலட்சம் ரூபாய் விழுங்குவது. வார்டு வாசலில் வாரக்கணக்கில் காத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு வருமானமும் போகிறது. தந்தையின் பணப்பையா பிள்ளையின் ஆயுளை அளப்பது? முழுச் செலவையும் பொதுப்பணம் ஏற்கவேண்டும் என்று நம் மேடைகள் முழங்கட்டும். ஆளுவோர் யாராயினும் கேட்போம்!

கேட்கும் உரிமை, கொடுக்கும் கைக்கே வலுவாக உண்டு. அடுத்த பிறந்த நாள் வரும்வரை காத்திராதீர், தோழர்களே! இந்த வாரமே ஏட்டைத் திறவுங்கள். முதல் வரியில் உங்கள் பெயர் இருக்கட்டும்!