தாத்தாவின் வாட்ச்

ரேடியோவில் நேரம் சொல்லிப் பிழைக்கிறவள் நான். போன மாதம் கேமரன் மலைக்குப் போனபோது, "ஓடிஓடி நிக்குதும்மா, கோலாலம்பூர்ல காட்டு" என்று தாத்தா தன் சீக்கோ 5 வாட்சைக் கழற்றித் தந்தார். தேயிலைக் காட்டில் அவரோடு மேடு பள்ளம் ஏறி இறங்கிய வாட்ச்.

கடைக்காரர் திறந்து பார்த்தார். பழுதே இல்லை. "கட்டுறவரு நடமாடுறாரா?" என்றார்.

ஆட்டோமேட்டிக் வாட்சுக்கு பேட்டரி கிடையாது. உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று, கை அசையும்போதெல்லாம் சுழன்று வில்லை முறுக்கும். முழுக்க முறுக்கினால் ஏறக்குறைய 40 மணி நேரம் ஓடும். தாத்தாவுடைய மாடலில் திருகைச் சுற்றிச் சாவி கொடுக்கவும் வழியில்லை. கைதான் சாவி. முழங்கால் வலி வந்ததிலிருந்து அந்தக் கை நாற்காலியிலேயே கிடக்கிறது.

நின்றுவிட்டால் அரை நிமிடம் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிவிட்டுக் கட்ட வேண்டும். இரவு 9 மணியிலிருந்து விடிகாலை 4 வரை தேதியை மாற்றக் கூடாது, பல்சக்கரம் கெடும். மலைக் குளிரில் கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் உடனே கடைக்குத்தான். எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். சாயங்காலம் கொஞ்சம் நடங்கள் என்பதையும் வாட்ச் பெயரிலேயே சொல்லிவைத்தேன்.

நேற்று போன் செய்தேன். லயத்து முனை வரை நடந்தாராம். வாட்ச் நிற்கவில்லை, ஆனால் இரண்டு நிமிடம் பிந்துகிறதாம்.

"கடைக்காரன் சரியாப் பாக்கல" என்கிறார்.