நாய்க்குட்டியின் விலையும் நாயின் விலையும்

தெரு நாய்கள் குறித்து உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணைகள் நாடு தழுவிய விவாதத்தை எழுப்பின. தில்லிப் பகுதியின் தெரு நாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு 2025 ஆகஸ்ட் 11-இல் கூறிய நீதிமன்றம், ஆகஸ்ட் 22-இல் அதைத் திருத்தியது. வெறிநோய் அறிகுறியோ மூர்க்கமோ இல்லாத நாய்களைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பின்னர் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. விவாதம் முழுவதும் தெருவைச் சுற்றியே நடந்தது. தெருவுக்கு நாய்கள் வந்து சேரும் வழிகளுள் நம் வீட்டு வாசலும் ஒன்று என்பது அதிகம் பேசப்படவில்லை.

கடலூரிலும் சிதம்பரத்திலும் பணி ஓய்வு பெற்ற என் நண்பர்கள் சிலர், பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட வீட்டில் துணைக்கு ஒரு நாய் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் விரும்புவது யார்க்ஷைர் டெரியர் போன்ற சிற்றினங்களை. எடை சுமார் மூன்று கிலோ. ஆகவே பொறுப்பும் சிறிதுதான் என்பது அவர்களின் கணக்கு. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்தக் கணக்கைச் சரிபார்க்க விரும்புகிறேன்.

'டெரியர்' என்ற சொல்லின் வேர், நிலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். வளைக்குள் புகுந்து எலியையும் நரியையும் விரட்டுவதற்காக பிரிட்டனில் உருவாக்கப்பட்ட இனங்கள் இவை. 19-ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் நெசவாலைகளில் எலி பிடித்ததுதான் யார்க்ஷைர் டெரியர். ஜாக் ரஸல் டெரியர், ஜான் ரஸல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்காக வளர்த்த நாய்களின் வழிவந்தது. மடியில் படுத்திருந்தாலும் குரைப்பதும் தோண்டுவதும் ஓடுவதைத் துரத்துவதும் இவற்றின் பிறவிக்குணம்.

இந்தக் குணத்தை நம் ஊரோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 2015 பெருமழையும் 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரைபுரண்டதும் கடலூருக்கு மறக்கவில்லை. வெள்ளம் சூழ்ந்தால் எலியும் பெருச்சாளியும் வீடுகளை நோக்கி வரும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் மனிதரைப் போலவே நாயையும் தாக்கும். எலியைக் கண்டால் பாயும் நாய்க்கு இந்த ஆபத்து கூடுதல். எனவே ஆண்டுதோறும் அதற்கான தடுப்பூசி தேவை. சிதம்பரத்தின் தேர் வீதிகளை ஒட்டிச் சுவரோடு சுவராக நிற்கும் வீடுகளில் வேறொரு சிக்கல். ஆனியிலும் மார்கழியிலும் எழும் மேளச் சத்தத்துக்கும் தீபாவளி வெடிக்கும் இந்த நாய் குரைத்துத் தீர்த்தால், அண்டை வீட்டாரின் பொறுமையும் செலவுக் கணக்கில் சேரும்.

உடல்நிலையும் எளிதன்று. யார்க்ஷைர் டெரியருக்குப் பல் நோய், முழங்கால் சில்லு விலகுதல், மூச்சுக்குழாய் நெரிவு ஆகியவை அடிக்கடி வருபவை. கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டை அணிவிக்க வேண்டும். முடி வளர்ந்துகொண்டே இருப்பதால் நாள்தோறும் சீவ வேண்டும். சின்னக் குழந்தை கை நழுவவிட்டாலே எலும்பு முறியலாம்.

குட்டியின் விலை ஒருநாள் செலவு. நாயின் விலை அதன் ஆயுள் முழுவதற்குமானது. உணவு, மருத்துவம், முடி பராமரிப்பு ஆகியவற்றுக்கு மாதம் ரூ.3,000 என்று வைத்துக்கொண்டால்கூட, 14 ஆண்டுகளில் ரூ.5 லட்சத்தைத் தாண்டும்.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் தரம் எப்படிக் கெடும் என்பதைப் பழைய கார் விற்பனையைக் கொண்டு 1970-இல் விளக்கியவர் ஜார்ஜ் அகர்லாஃப். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். குட்டிச் சந்தையும் அத்தகையதே. குட்டியின் தாயையோ பரம்பரை நோயையோ படத்தில் பார்க்க முடியாது. வளர்ப்பாளர் பதிவு பெற்றிருக்க வேண்டும், எட்டு வாரத்துக்குட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்கின்றன 2017-ஆம் ஆண்டு விதிகள். இவற்றைக் கேட்டறிந்து வாங்குவோர் எத்தனை பேர்? கைப்பேசி நிறுவன விளம்பரம் ஒன்றில் பக் நாய் 2003-இல் தோன்றியபின், வெயிலில் மூச்சுவிடத் திணறும் அந்த இனத்துக்கு இந்தியாவெங்கும் கிராக்கி எழுந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி வயது பற்றியது. டெரியர் 12 முதல் 15 ஆண்டுகள் வாழக்கூடியது. 66 வயதில் வாங்கினால் நமக்கு 80 ஆகும்வரை அது உடனிருக்கும். நாம் மருத்துவமனையில் படுக்கும் நாளில், பிள்ளைகள் நம்மைத் தம்மோடு அழைத்துக்கொள்ளும் நாளில், அதை ஏற்றுக்கொள்பவர் யார்? இந்தக் கேள்விக்குப் பெயர் சொல்லி விடை தர முடியாத வீட்டில்தான் கைவிடப்படும் நாய் உருவாகிறது. மடியில் வளர்ந்த மூன்று கிலோ நாய் தெருவில் பிழைப்பது அரிது.

பகல் முழுவதும் ஆளிருக்கும் வீடு, சிறு குழந்தைகள் இல்லாத சூழல், எட்டும் தூரத்தில் கால்நடை மருத்துவர், நமக்குப் பின் பொறுப்பேற்கச் சம்மதித்த ஒருவர் ஆகிய நான்கும் இருந்தால் யார்க்ஷைர் டெரியர் நல்ல துணையே. ஜாக் ரஸலுக்கு இவற்றோடு ஓடியாடப் பெரிய இடமும் வேண்டும். என் வீட்டில் நான்காவதற்கு விடை இல்லை. அதனால் நான் குட்டி வாங்கவில்லை. துணைதான் தேவை என்பவர்கள், கருத்தடை செய்யப்பட்ட, குணம் தெரிந்த, வளர்ந்த நாட்டு நாயைத் தத்தெடுக்கலாம். நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய அதனோடு பகிர வேண்டிய ஆண்டுகளும் குறைவு.

சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியுள்ளது. மாநகராட்சியாகிவிட்ட கடலூரிலும் சிதம்பரம் நகராட்சியிலும் அதே நடைமுறை கண்டிப்புடன் அமலானால், கைவிட்டவர் யார் என்பது தெரியவரும். தெரியவரும் என்ற நிலை வந்தாலே, வாங்குவதற்கு முன் பலர் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).