எத்தனை பஸ் என்று கேட்காதீர்கள், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று கேளுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடிந்தபிறகு பொறுமையாகப் படியுங்கள்.

2025 ஜூன் மாதத்தில் நம் மாநிலத்தில் இரண்டு கொடியசைப்புகள் நடந்தன. 16ஆம் தேதி தஞ்சாவூரில் முதலமைச்சர் புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 30ஆம் தேதி சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. சென்னையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் அந்தப் புது பஸ்ஸில் உட்கார்ந்து படம் எடுத்து அனுப்பினார்கள். படி ஏற முடியாத வயதானவர்களும், சக்கர நாற்காலியில் வருபவர்களும் சுலபமாக ஏறக்கூடிய பஸ். மனதுக்கு நிறைவாக இருந்தது. அப்போதிருந்தே நம் கள்ளக்குறிச்சியையும் கல்வராயன் மலையையும் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புது பஸ் விட்டால் நாம் என்ன கேட்கிறோம்? எத்தனை பஸ், என்ன கலர், ஏசி உண்டா, டிக்கெட் எவ்வளவு. இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது.

ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் அரை மணி. பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் ஊரில் யாரும் நேரம் பார்த்துக் கிளம்புவதில்லை, ஒன்று போனால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். மணிக்கு ஒன்று வரும் ஊரில் பஸ்ஸை விட்டவர் ஷேர் ஆட்டோவைத் தேடுவார். அடுத்த வருடம் தவணையில் பைக் வாங்கிவிடுவார். பிறகு 'பஸ்ஸில் கூட்டமில்லை, வசூல் இல்லை' என்று இருக்கிற நடையையும் குறைப்பார்கள். கூட்டம் குறைந்ததால் பஸ் குறைந்ததா, பஸ் குறைந்ததால் கூட்டம் குறைந்ததா என்பதை யோசித்துப் பாருங்கள்.

பெரிய பஸ்தான் வேண்டும் என்பதும் இல்லை. 2013இல் சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 50 சிற்றுந்துகளை விட்டது. பெரிய பஸ் திரும்ப முடியாத உள் தெருக்களிலிருந்து ஆட்களை ஏற்றி, ரயில் நிலையத்திலும் மெயின் ரோட்டிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. பிரேசில் நாட்டில் குரிட்டிபா என்றொரு நகரம். அங்கே 1974இலேயே பஸ்ஸுக்கென்று தனிப் பாதை ஒதுக்கி, அடுத்தடுத்து பஸ் விட்டு, ரயில் செய்யும் வேலையைப் பஸ்ஸை வைத்தே செய்து காட்டினார்கள். உலகத்தில் பல நகரங்கள் அதைப் பார்த்துப் படித்துக்கொண்டன.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஊர் நாலா பக்கமும் விரிந்துவிட்டது. வெளியூர் போக நமக்கு பஸ் உண்டு. ஊருக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோர் இடம் போவதுதான் சிரமம். கிராமத்திலிருந்து வரும் ஒரு அம்மா பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆஸ்பத்திரிக்கும் அரசு அலுவலகத்துக்கும் போய் வர ஆட்டோவுக்குக் கொடுப்பது, அவர் ஊரிலிருந்து வந்த டிக்கெட்டைவிட அதிகம். 2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம். ஆனால் பஸ் இருந்தால்தானே இலவசம்? கடைசி நாலைந்து கிலோமீட்டருக்கு பஸ் கிடைக்காதபோது, மிச்சப்பட்ட காசு ஆட்டோவுக்குப் போய்விடுகிறது.

என் யோசனை இது. பஸ் ஸ்டாண்ட், அரசு அலுவலகங்கள், பள்ளி கல்லூரிகள், மருத்துவக் கல்லூரி எல்லாவற்றையும் தொட்டு வரும் ஒரு சுற்றுப் பேருந்து வேண்டும். ஒரு சுற்று முடிக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பஸ் விட்டால் மணிக்கு ஒன்று. நான்கு விட்டால் கால் மணிக்கு ஒன்று. ரிப்பேருக்கு மாற்றாக ஒன்று சேர்த்தால் ஐந்து. ஒரு மாவட்டத் தலைநகருக்கு ஐந்து சின்ன பஸ் அதிகமா?

'ஆட்டோக்காரர் பிழைப்பு என்னாவது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்களிலும் நம் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூட்டை முடிச்சோடு வருபவர், அவசரமாகப் போகிறவர், பஸ் நுழையாத தெருவில் இருப்பவர், இரவில் வருபவர் எல்லோருக்கும் ஆட்டோ வேண்டும். கையில் காசில்லாத நோயாளியின் காசில் அவர்கள் பிழைக்க வேண்டும் என்று எந்த ஆட்டோக்காரரும் விரும்பமாட்டார். 'நட்டம் வருமே' என்பது இன்னொரு பேச்சு. தெருவிளக்கு என்ன லாபம் தருகிறது? பள்ளிக்கூடம் என்ன லாபம் தருகிறது?

மலைக்கு இந்த மருந்து போதாது. வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் கால் மணிக்கு ஒரு பஸ் விடு என்று யாரும் கேட்கவில்லை. குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் மலை அது. அங்கே தேவை, சொன்ன நேரத்துக்கு வரும் பஸ். நாளுக்கு நான்கு நடைதான் என்றாலும் அந்த நான்கும் தவறாமல் வர வேண்டும். டவுனில் ஒரு நடை ரத்தானால் பத்து நிமிடம் போச்சு. மலையில் ஒரு நடை ரத்தானால் ஒரு நாள் போச்சு.

பணியில் இருந்த காலத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தே அன்றைக்குக் காலை பஸ் வந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன். வராத பிள்ளைகள் எல்லாம் ஒரே வழித்தடத்துப் பிள்ளைகளாக இருப்பார்கள். மாணவர்களுக்கு அரசு இலவச பஸ் பாஸ் கொடுக்கிறது. வராத பஸ்ஸுக்குப் பாஸ் வைத்திருந்து என்ன செய்ய? ஆண் பிள்ளை எப்படியாவது லாரியிலோ பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்துவிடுவான். பெண் பிள்ளையை எட்டாவதோடு நிறுத்திவிடுவார்கள். 'படிப்பு ஏறவில்லை' என்று காரணம் சொல்வார்கள். உண்மையில் அவள் ஏற வேண்டிய பஸ்தான் வரவில்லை.

கர்ப்பிணிப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். காலையில் மலையிலிருந்து இறங்கி, மருத்துவக் கல்லூரியில் வரிசையில் நின்று, ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் மலைக்குத் திரும்பும் பஸ் போய்விட்டால்? ரிப்போர்ட் வாங்காமல் ஓட வேண்டும், இல்லையேல் ராத்திரி பஸ் ஸ்டாண்டில் படுக்க வேண்டும். அடுத்த மாதம் அவர் வருவாரா?

அதனால்தான் டவுன் சுற்றுப் பேருந்தையும் மலை பஸ்ஸையும் சேர்த்துச் சொல்கிறேன். மலை பஸ் வந்து நின்றதும் சுற்றுப் பேருந்து அங்கே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி நேரம் முடிந்தபிறகுதான் மலைக்குக் கடைசி பஸ் கிளம்ப வேண்டும். அந்த பஸ் இரவு மலையிலேயே தங்கி, விடியற்காலையில் முதல் நடையாக இறங்க வேண்டும். 'நைட் ஹால்ட்' என்று டிரைவர், கண்டக்டர்கள் சொல்வது இதைத்தான். அவர்கள் படுத்துத் தூங்க நல்ல அறையும் கழிப்பறையும் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

புதிய மினி பஸ் திட்டத்தில் ஒரு வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அதில் 65 சதவீதமாவது இதுவரை பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நல்ல விதி. ஆனால் நடத்துவது தனியார். ஆள் குறைந்த பாதைக்கு அவர்களாக வருவார்களா? வராத பாதைக்கு அரசு பஸ்தான் வர வேண்டும்.

1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் கிடந்த மலை அது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகுதான், சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்து, கல்வராயன் மலை மக்களுக்கு என்னென்ன வசதி செய்திருக்கிறீர்கள் என்று கேட்டது. ஒரு பஸ்ஸுக்காக நீதிமன்றம் வரை போகும் நிலை இனி வரக் கூடாது.

பிள்ளைகளே, லைக் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். ஊரில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபையில் 'பஸ் வசதி வேண்டும்' என்று பொதுவாக எழுதாமல், எந்த ஊர், எந்த நேரம், எத்தனை மாணவர்கள், எத்தனை நோயாளிகள் என்று எண்ணித் தீர்மானம் போடுங்கள். அதன் நகலைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். போக்குவரத்துத் துறையில் வேலை செய்யும் நம் மாணவர்கள், எந்த நடை அடிக்கடி ரத்தாகிறது, ஏன் ரத்தாகிறது என்று கீழே எழுதுங்கள். பெயர் போட வேண்டியதில்லை. மலையில் இருப்பவர்கள் உங்கள் ஊர் முதல் பஸ், கடைசி பஸ் நேரத்தை எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து மனுவாக எழுதித் தருவது என் பொறுப்பு. கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்