மீன் கடை எந்தக் கட்டத்தில்?

தில்லிக் காற்று மாசை பாராவியூ போன்ற மென்பொருளில் முப்பரிமாணப் படமாக்கினால், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன் கடைக்கும் மசாலாக் கடைக்கும் உள்ள வித்தியாசம்கூடத் தெரியும் என்கிறார்கள். படம் நுணுக்கமானால் தகவலும் நுணுக்கமாம். தவறு.

ஒன்று. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தில்லிக்காக ஓட்டும் காற்றுத்தர மாதிரி 400 மீட்டர் கட்டங்களில் கணக்கிடுகிறது. நகர மாதிரிக்கு இது நுண்ணியதுதான். அப்படியும் ஒரு கட்டம் 16 ஹெக்டேர். மார்க்கெட்டும் எதிரே தில்லி ஹாட்டும் ஒன்றிரண்டு கட்டங்களில் அடங்கிவிடும். கட்டத்துக்கு ஓர் எண். அதற்குள் மீன் கடையை எங்கே தேடுவது?

இரண்டு. அப்படியானால் திரையில் தெரியும் வழவழப்பு எங்கிருந்து வந்தது? கட்ட மதிப்புகளை முனைகளுக்குச் சராசரியாக்கி, இடைவெளியை மென்பொருளே நிரப்பியது. யாரும் அளந்ததில்லை. சாம்பாரில் ஊற்றிய தண்ணீர். கட்ட மதிப்பை அப்படியே வரையச் சொல்லுங்கள்: சதுரம் சதுரமாக நிற்கும். அசிங்கம்தான், ஆனால் அதுதான் உங்களிடம் இருக்கும் தரவு.

மூன்று. 'மாசு மேகத்தின் விளிம்பு' என்கிறீர்கள். 1987இல் லோரென்சனும் கிளைனும் தந்த மார்ச்சிங் க்யூப்ஸ் முறை, நீங்கள் கொடுத்த எல்லை மதிப்புக்கு ஒரு மேற்பரப்பை வரைகிறது. 250 மைக்ரோகிராம் கொடுத்தால் ஒரு மேகம், 200 கொடுத்தால் வேறொன்று. காற்றுக்குத் தோல் உண்டா?

நான்கு. செங்குத்து அச்சைப் பல மடங்கு இழுக்கிறீர்களே, எத்தனை மடங்கு என்று படத்தில் எழுதினீர்களா?

கடைவாரியாகத் தெரிய வேண்டுமா? கடைவாசலில் கருவி வையுங்கள்.